நெடுந்தீவுக்குப் போகிறவர்களுக்கு: குதிரையும் கல்வேலியும்

நெடுந்தீவு யாழ்ப்பாணத்தை அடுத்த தீவு; அங்கே படகு எடுக்கக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குக் காலைப் படகு நேரத்துக்கே போய்விடுங்கள். ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) நாட்களில் படகு ஆட்டிப்போட்டுவிடும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம்.

இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பெருக்கமரம் (பாவோபாப்), கோட்டை, புறாக்கூடு, வளரும் கல், குதிரை எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகக் காட்டிவிடுகிறோம் என்பார்கள். ஆறுதலாகத்தான் போக வேண்டும் என்று ஏறும்போதே பேசிவிடுங்கள். பெருக்கமரத்தின் பொந்துக்குள் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். வளரும் கல் என் கண்ணுக்கு வளர்ந்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் அதைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது யாருடைய பட்டியலிலும் இல்லாத வேலிகள்தான். முருகைக் கற்களை, அதாவது பவளப்பாறைக் கற்களை, சாந்தே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். வளவுக்கு வளவு, ஒழுங்கைக்கு ஒழுங்கை இதே வேலிதான். கற்களின் இடுக்கு வழியே காற்று போய் வருகிறது. கிட்டக் குனிந்து பார்த்தால், கடலுக்கடியில் உயிரோடு இருந்த காலத்துச் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் கல் முழுக்கத் தெரிகின்றன. ஓட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு ஒழுங்கை நீளத்துக்கு நடந்தே போனேன். சாரதிக்கு நான் ஒரு மாதிரியான ஆளாகத் தெரிந்திருக்கும்.

குதிரைகள் திறந்த வெளிப் பக்கம் நின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் வளர்த்து, பிறகு தன்பாட்டில் பெருகிய மட்டக்குதிரைகள் இவை. செம்மண்ணிறத்தில் ஒரு தாய், பிடரி மயிர் நிறைய நாயுருவி ஒட்டிக்கொண்டு. வயிற்றோடு ஒண்டியபடி குட்டி. படம் எடுக்க இரண்டடி வைத்திருப்பேன். மாடு சாய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், "கிட்டப் போகாதேங்கோ தம்பி, குட்டியோட நிக்குது, உதைச்சுப்போடும்" என்றார். அப்புறம் அவரே நின்று கதைத்தார். கோடையில் குளம் குட்டை வற்றினால் குதிரைகள் தண்ணீருக்கு அலையுமாம். "எங்களுக்கே நல்ல தண்ணி பாடு, அதுகள் பாவம் என்ன செய்யும்?"

வெளியில் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம். மத்தியானச் சாப்பாட்டை இறங்கின கையோடு ஒரு கடையில் சொல்லி வையுங்கள். பின்னேரக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே துறையில் கேட்டுவிடுங்கள், காலநிலையைப் பொறுத்து மாறும்.