வழியில் எதிர்ப்பட்டவர்கள்: ஆஸ்திரேலிய நாட்டுப்புறத்தில் குழுவாகச் சைக்கிள் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

ஒரு நெடும்பயணம் முடித்து வீடு திரும்பினால் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு நாலு நாளில் மறந்துபோகும். வழியில் யாரைப் பார்த்தோம் என்பது மட்டும் அப்படியே நிற்கும். உங்களுக்கும் அப்படி யாராவது இருப்பார்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

போன நவம்பர் முதல் வாரம். விக்டோரியாவின் வடமேற்கில் விம்மெரா, மல்லீ என்கிற கோதுமைச் சீமை. ரூப்பன்யப்பில் கிளம்பி வடக்கே பாட்சிவொல்லக் வரைக்கும் சுமார் 200 கிலோமீட்டர். சைலோ என்கிற பெரிய பெரிய தானியக் குதிர்களில் ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு உயரத்துக்குப் படம் வரைந்திருக்கிற ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகும் வழி அது. ஒன்பது பேர், மூன்று நாள், அவசரமில்லாத திட்டம்.

இரண்டாம் நாள் வாரக்னபீலில் இருந்து புறப்படும்போதே வடகாற்று. அந்தப் பக்கத்தில் வடகாற்று என்றால் உள்நாட்டுப் பாலைவனத்தின் சூட்டை அள்ளிக்கொண்டு வருவது. நாங்கள் போவதோ நேராக அதன் முகத்துக்கு. ஆளுக்கு இரண்டு நிமிடம் முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொண்டு, பிறகு பின்னால் போய் ஒதுங்குவது என்று முறை வைத்துக்கொண்டோம். அப்படியும் 14 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூத்தவரான அக்கா ஒருவர், 61 வயது, அன்று காலையிலிருந்தே கடைசி. ஒரு கட்டத்தில் ஆளையே காணவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். மெதுவாக மிதித்துக்கொண்டு வந்தார். முகம் வாடியிருந்தது. களைத்துவிட்டார் என்று அவருடைய பையை வாங்கி என் வண்டியில் மாட்டிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் எதிரே மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டபடி ஒரு பிக்கப் வண்டி வந்தது. அதன் பின்னால் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓர் அறுவடை இயந்திரம். பிக்கப்பில் இருந்தவர் கையைக் காட்ட, நாங்கள் எல்லோரும் சரளை ஓரத்தில் இறங்கி நின்றோம். இயந்திரம் போனது. திரும்பச் சாலையில் ஏறி நூறு மீட்டர் போயிருக்க மாட்டோம். முதல் டயர் உஸ் என்றது. அடுத்தது. அதற்கடுத்தது. மொத்தம் ஏழு.

டயரைத் திருப்பிப் பார்த்தேன். காய்ந்து வெளுத்த ஒரு துண்டுக் காய், இரண்டு கொம்போடு ரப்பரில் ஏறியிருந்தது. நெருஞ்சி! கண்மாய்க்கரையில் வெறுங்காலோடு ஓடி, ஒற்றைக்காலில் நின்று பிடுங்கிய அதே முள். போன கோடையில் உதிர்ந்தது அந்தச் சரளையில் காத்துக் கிடந்திருக்கிறது. பிடுங்கினால் மட்டும் போதாது என்பது சைக்கிள்காரர்களுக்குத் தெரியும். கொம்பின் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும்; விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு டயரின் உட்புறத்தைச் சுற்று முழுக்கத் தடவ வேண்டும். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். ஏழு டயருக்கும் அதைச் செய்தோம், சாலை ஓரத்தில், அந்த வெயிலில், கண்ணிலும் உதட்டிலும் ஈ மொய்க்க.

அரை மணி நேரத்தில் அதே பிக்கப் திரும்பி வந்தது. அந்த ஓரத்தில் எங்களை இறக்கியது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்ததாம். “அங்கே கேட்ஹெட் கிடக்கும் என்று எனக்குத் தெரியும், சொல்லியிருக்க வேண்டும்” என்றார். கேட்ஹெட் என்பதுதான் நெருஞ்சிக்கு அவர் ஊர்ப் பெயர். பூனைத்தலை. கவிழ்த்து வைத்துப் பார்த்தால் இரண்டு காதோடு அப்படித்தான் இருக்கிறது. ஒரு கேன் நிறையத் தண்ணீர், ஒட்டுப்போடும் பசை, காற்றடிக்கப் பண்ணை கம்ப்ரெஸர் எல்லாம் கொண்டு வந்திருந்தார். அறுவடை நேரத்தில் உங்கள் வேலை கெடுமே என்றதற்கு, இந்தக் காற்றில் அறுக்க மாட்டோம், ஒரு பொறி பறந்தால் ஊரே எரியும், அதனால்தான் இயந்திரத்தைக் கொட்டகைக்குக் கொண்டுபோகிறோம் என்றார். மேற்கே அடிவானத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்: “பிரிம்மில் போய் உட்காருங்கள். நாலு மணிக்கு முன்னால் கிளம்பாதீர்கள்.”

உட்கார்ந்தோம். பிரிம் சைலோவில் கைடோ வான் ஹெல்டன் 2016-இல் வரைந்து முடித்த நான்கு உழவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டபடி நிற்கிறார்கள். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவரும் அப்படித்தான் மடித்துவிட்டிருந்தார். மூன்றே முக்காலுக்குக் காற்று நின்றது. இலை அசையவில்லை. பிறகு தென்மேற்கில் இருந்து மண்வாசனையோடு குளிர்காற்று வந்து முதுகில் கை வைத்தது. ஹோப்டவுன் வரைக்கும் 45 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தோம்.

டாண்டினாங்கிலிருந்து

தம்பி, நெருஞ்சி என்றதும் வவுனியா வயல்வரம்பு கண்ணுக்குள் வந்துவிட்டது.

நான் அவுஸ்திரேலியா வந்து கனகாலம். ஓடியதெல்லாம் பெரிய கூட்டத்தோடு. கிரேட் விக்டோரியன் பைக் ரைட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விக்டோரியாவின் 150-ஆவது ஆண்டுக் கொண்டாட்டத்துக்காக 1984-இல் வொடொங்காவிலிருந்து மெல்பேர்ன்வரை ஒருமுறை ஓடிப் பார்ப்போம் என்று தொடங்கியது, நின்றுபோகாமல் பல பத்தாண்டுகள் ஓடியது. நான் போனது 2004-இல், கிரேட் ஓஷன் ரோட்டில். அந்த ஆண்டு 8,100 பேர். ஒரு சின்ன ஊரின் கால்பந்துத் திடலில் அத்தனை பேருக்கும் கூடாரம் என்றால் யோசித்துப் பாருங்கள். விடியுமுன் ஐந்து மணிக்கு ஆயிரக்கணக்கான கூடாரங்களின் ஜிப் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிற சத்தம், ஏதோ பூச்சிக் கூட்டம் போலக் கேட்கும். பையெல்லாம் லொறியில் வரும். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கேக்கும் வாழைப்பழமும் விற்று நூலகத்துக்குக் காசு சேர்ப்பார்கள்.

லேவர்ஸ் ஹில் ஏற்றத்தில் என் கால் நின்றுவிட்டது. இறங்கி ஓரமாக நின்றேன். பின்னால் ஒரு வயதான மனிதர் வந்து தானும் இறங்கினார். வார்பி. நாங்கள் உங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறோம் என்கிற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் தொண்டர்களுக்கு வைத்த பெயர் அது. முதல் பயணத்திலேயே ஓடியவராம். என்னை அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் தன் மாட்டுப்பண்ணையைப் பற்றிக் கதைத்தார். பிறகு சாலையோரத்தில் வரிசையாக நட்டிருக்கிற வெள்ளைக் கட்டையைக் காட்டி, மேலே பார்க்காதே, அடுத்த கட்டையை மட்டும் பார் என்றார். கட்டை கட்டையாக ஏறினோம். உச்சியில் நான் தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் அவர் திரும்பிக் கீழே போய்விட்டார், அடுத்த ஆளிடம். பெயரும் கேட்கவில்லை.

அந்தச் சாலையே முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை மண்வெட்டியும் கடப்பாரையுமாக வெட்டியது. செத்துப்போன தோழர்களுக்கான நினைவுச்சின்னம் முழுச்சாலையும்தான். ஏறும்போது எனக்கு அது நினைவில் இருந்தது.

கான்பராவிலிருந்து

என்னுடையது சின்னது. செப்டம்பரில் குண்டாரூ பக்கம் ஆறு பேர் போனோம். அது மேக்பை குஞ்சு பொரிக்கும் காலம். ஆண் பறவைகளில் சில மட்டும்தான் தாக்கும், ஆனால் தாக்குகிற பறவை சைக்கிள்காரனைக் கண்டால் விடாது. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து ஹெல்மெட்டில் டக் என்று அடிக்கும். எங்கள் எல்லோர் ஹெல்மெட்டிலும் பிளாஸ்டிக் கேபிள் டை முள்ளம்பன்றி மாதிரி நின்றது. அந்தப் பறவை அதைச் சட்டை செய்யவில்லை. ஒருவருக்குக் காதில் ரத்தம்.

ஒரு வீட்டிலிருந்து ஓர் அம்மா வந்து, இறங்கி நடங்கள், நானும் கூட வருகிறேன் என்றார். அந்தப் பறவைக்கு அவர் முகம் தெரியுமாம். மேக்பைகள் மனித முகத்தை ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்திருப்பது உண்மைதான். ஆறு சைக்கிளையும் உருட்டிக்கொண்டு அவர் பின்னால் வாத்துக் குஞ்சுகள் போல நடந்தோம். அது மரத்தில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கவே இல்லை.

பெர்த்திலிருந்து

இங்கே மேற்கில் முண்டா பிட்டி பாதை இருக்கிறது. இந்தப் பகுதிப் பழங்குடியினரின் நூங்கர் மொழியில் காட்டினூடே போகும் வழி என்று பொருள். முண்டேரிங்கிலிருந்து ஆல்பனி வரைக்கும் 1,000 கிலோமீட்டருக்கு மேல். 2013-இல் முழுதாக முடிந்தது. ஜாரா மரக்காட்டில் பட்டாணி அளவு உருண்டைச் சரளை, சக்கரம் நழுவிக்கொண்டே இருக்கும். காட்டுக் குடில்களில் மழைத்தண்ணீர்த் தொட்டியும் படுக்கப் பலகையும் உண்டு, யாரும் வாடகை கேட்பதில்லை. எதிர்ப்பட்டவர் என்றால் மனிதரைவிட பாப்டெயில் ஓணான்தான் அதிகம். வெயில் காயப் பாதை நடுவில் கிடக்கும். நாம்தான் சுற்றிப் போக வேண்டும்.

என் பெரிய அனுபவம் நல்லார்பர் சமவெளி. பலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. ஐந்து பேர் கிழக்கே போனோம். இரண்டு மூன்று பெட்டி கோத்த ரோடு ட்ரெயின் லாரிகள் பக்கத்தில் போகும்போது முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். அதனால் கடைசியில் வருபவரிடம் யூஹெச்எஃப் வானொலி இருக்கும். லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் 40-ஆவது அலைவரிசையில் நாங்களும் இருந்தோம். முதல் நாள் காலையிலேயே ஒரு குரல் வந்தது: ஐந்து சைக்கிள், கிழக்கே போகிறார்கள், இடம் விட்டுப் போங்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு லாரிக்கும் எங்களைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருந்தது. எதிர்ச் சாலைக்கு முழுதாக விலகிப் போனார்கள். நன்றி என்று நாங்கள் சொன்னால் ஒற்றை ஹாரன்.

அன்றிரவு பாதி வழியில் கூடாரம் போட்டோம். 1896-இல் ஆர்தர் ரிச்சர்ட்ஸன் என்பவர் கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்குத் தந்திக் கம்பி போன வழியைப் பின்பற்றி 31 நாளில் சைக்கிளில் வந்தார். நல்லார்பரைச் சைக்கிளில் கடந்த முதல் ஆள். அவருக்கு இப்படி ஒரு குரல்கூட இல்லையே என்று அந்த இருட்டில் பேசிக்கொண்டோம்.

மறுநாள் மதியம் கைகூனா ரோடுஹவுஸில் கல்லாவில் இருந்த பெண் எங்களை எண்ணினார். ஐந்து, சரி என்றார். கல்லாப் பெட்டியில் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து எடுத்தார். முந்தின நாள் ஒரு லாரிக்காரர் இறங்கி, ஐந்து சைக்கிள்காரர்கள் வருகிறார்கள், நாளை இருட்டுவதற்குள் வராவிட்டால் யாருக்காவது போன் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் எப்படி இருப்பார் என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கும் சொல்லத் தெரியவில்லை. குரல் மட்டும் இன்னும் எனக்கு அடையாளம் தெரியும்.

பெண்டிகோவிலிருந்து

தம்பி எழுதிய கடைசி ஆள் நான்தான். அன்று எனக்குக் கால் ஓயவில்லை, அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

பெர்த் நண்பர் சொன்ன பாப்டெயிலை இங்கே விக்டோரியாவில் ஸ்டம்பி டெயில் என்போம். தாழம்பழம் போலச் செதில், தலையும் வாலும் ஒரே வடிவம், நீல நாக்கு. ஓணான் என்கிறோம், ஆனால் அரணை இனம். வசந்த காலத்தில் ஜோடியாகத் திரியும், பெண் முன்னால், ஆண் பின்னால். ஆண்டின் மீதி நாளெல்லாம் தனித்தனியாக இருந்துவிட்டு அடுத்த வசந்தத்தில் அதே ஜோடி மறுபடி சேரும். தென் ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் புல் பல பத்தாண்டுகள் அவற்றைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார். இருபது ஆண்டுக்கு மேல் பிரியாத ஜோடிகள் உண்டு.

நீங்கள் எல்லோரும் முன்னால் போனபோது சாலையில் ஒன்று அரைபட்டுக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று உயிரோடு. நாக்கை நீட்டி நீட்டி அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கார் வந்தால் போய்விடுமே என்று தூக்கி ஓரத்தில், புல்லில் விட்டேன். நான் சைக்கிளில் ஏறுவதற்குள் திரும்பவும் சாலைக்கு வந்துவிட்டது. மறுபடி தூக்கி விட்டேன். மறுபடி வந்தது. மூன்றாவது முறை செத்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு மல்லீ மரத்தடியில் இரண்டையும் அருகருகே வைத்தேன். அதற்குப் பிறகு அது நகரவில்லை.

அப்புறம்தான் நீங்கள் திரும்பி வந்து பையை வாங்கிக்கொண்டீர்கள். அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை.