மதியத்துக்கு மேல மண்டை ஓடவே மாட்டேங்குது, என்ன பண்றது?

தூங்காநகரத்தான்:
வீட்ல இருந்துதான் கோடிங் வேலை, பழைய ஜாவா கோடு. ஒரு பக் (கோட்ல இருக்கற தப்பு) எங்கருந்து வருதுன்னு தொரத்திக்கிட்டு போனா பத்து ஃபைல் தாண்டி இழுத்துட்டு போகுது, எல்லாத்தையும் தலைக்குள்ள புடிச்சு வச்சிருக்கும்போதுதான் கரெக்டா அம்மா "சிலிண்டர் வந்திருக்கு, போய் எடுத்துட்டு வாடா"ம்பாங்க. திரும்பி வந்து உக்காந்தா எதை தேடிட்டு இருந்தேன்னே மறந்துருது. பொமொடோரோவும் (25 நிமிஷம் டைமர் வச்சு வேலை, அப்புறம் குட்டி பிரேக்) பண்ணி பாத்தாச்சு, 25 நிமிஷ மணி அடிக்கிற நேரத்துலதான் விஷயமே புடிபட ஆரம்பிக்குது. 4 மணிக்கு மேல காபியா குடிக்கிறேன், ராத்திரி தூக்கமும் போச்சு.

மொட்டைமாடி:
ப்ரோ, பொமொடோரோங்கறது சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரர் 1980கள் கடைசில காலேஜ் படிக்கிறப்போ தனக்காக கண்டுபுடிச்சது. தக்காளி மாதிரி இருந்த கிச்சன் டைமர், இத்தாலியன்ல பொமொடோரோன்னா தக்காளி, அதான் அந்த பேரு. புக்க தொறக்கவே மனசு வராதப்போ சூப்பரா இருக்கும், பக் தேடற டிபக்கிங்குக்கு எனக்கும் செட் ஆகல. காலைல ஒன்றரை மணி நேரம் போனை பீரோக்குள்ள வச்சிட்டு உக்காருவேன், அவ்ளோதான்.

மல்லி அக்கா:
தம்பி, சிலிண்டர எடுக்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி கிறுக்கி வச்சிட்டு போங்க. நான் "பில் தொகை நல்-னு (null, அதாவது காலியா) வருது, தேதி ஃபங்ஷன் (தேதிய பாத்துக்கற கோடு துண்டு) பாத்தாச்சு ஓகே, அடுத்து டிஸ்கவுண்ட்" அப்படின்னு எழுதுவேன், அடுத்து என்னங்கறது கண்டிப்பா இருக்கணும். பாதில விட்ட வேலை மனசுல ஒட்டிக்கிட்டு அடுத்த வேலையையும் கெடுக்கும், சோஃபி லெராய்ங்கற ஆராய்ச்சியாளர் 2009லயே இத 'அட்டென்ஷன் ரெசிட்யூ'ன்னு எழுதிருக்காங்க. எழுதிட்டா அந்த ஒட்டல் கொஞ்சம் விடும். வாட்ஸ்ஆப் பாக்க எந்திரிச்சாலும் இதே ரூல், எழுத சோம்பல் பட்டே பாதி தடவை எந்திரிக்க மாட்டீங்க 😄

கும்பகோணம்_டிகிரி:
காபி உடம்புல பாதியா குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், 4 மணிக்கு குடிச்சா 9 மணிக்கும் பாதி உள்ளதான் இருக்கும், அப்புறம் எங்க தூக்கம் வரும். மதியம் சாம்பார், ரசம், மோருன்னு மூணு ரவுண்டு கட்டினா மண்டை எப்படிங்க ஓடும்? ரெண்டு ரவுண்டோட நிறுத்திட்டு அலாரம் வச்சு 20 நிமிஷம் படுத்து எந்திரிங்க. அலாரம் இல்லாம படுத்தா நான் பொறுப்பில்ல.

தூங்காநகரத்தான்:
அக்கா சொன்னத மூணு நாளா பண்றேன், நேத்து மூணு தடவை எந்திரிச்சும் உடனே விட்ட இடத்த புடிச்சிட்டேன். நம்ம கோட்லயும் பக் தேதி ஃபங்ஷன்லதான் இருந்துச்சு, "பாத்தாச்சு ஓகே"ன்னு நானே எழுதி வச்ச அதே ஃபங்ஷன் 🤦 காபி மட்டும் இன்னும் விட முடியல.