புதுப்பிப்பு: பவர் மீட்டர் இல்லாம ஹார்ட் ரேட்ட வச்சு வாட்ஸ் பாக்கிறது

உதவின எல்லாருக்கும் நன்றி. சைக்கிள் மிதிக்கிற வலுவ வாட்ஸ் கணக்கில காட்டுற பவர் மீட்டர் வாங்க வசதியில்ல, நெஞ்சில கட்டுற ஹார்ட் ரேட் பெல்ட் மட்டும்தான் இருக்கு, அத வச்சு வாட்ஸ் கணக்குப் பாக்கேலுமா எண்டு கேட்டிருந்தனே, சரிவந்தது வாட்ஸ் காட்டுற ஜிம் சைக்கிள்ல முதல் துடிப்பையும் வாட்ஸையும் அளந்து கிராஃப்ல கோடு கீறச் சொன்ன அண்ணாட யோசினைதான்.

100 வாட்ஸ்ல ஒரே சீரா மிதிச்சு துடிப்பு ஓரிடத்தில நிக்குமட்டும் பாத்தன், நிமிஷத்துக்கு 126. பிறகு 150 வாட்ஸ்ல 148. 50 வாட்ஸுக்கு 22 கூடுது, அப்ப 170 துடிப்பில கிட்டத்தட்ட 200 வாட்ஸ். துடிப்பு 110க்குக் கீழ எடுத்த அளவ நம்பாதீங்க, ஆராவது பக்கத்தில வந்து கதைச்சாலே ஏறுது.

நினைக்காத ஒண்டு, மத்தியானம் ஃபேன் இல்லாம அதே 150 வாட்ஸ்ல துடிப்பு நிக்கவே இல்ல, ஏறி ஏறி 160ஐயும் தாண்டிற்று. வேர்த்து உடம்பில தண்ணி குறைய ஒரு துடிப்புக்குப் போற ரத்தமும் குறையும், அதான் இதயம் கூட அடிக்குது. திருகோணமலை வெக்கைக்கு விடியக்காலைதான் சரி.

நிலாவெளி ரோட்டில ஸ்பிரின்ட் அடிக்கேக்க இந்தக் கணக்கு உதவாது, மிதிச்சு முடிஞ்ச பிறகுதான் துடிப்பு ஏறி வருது.