வேலையை விடாமல் டிபிஎச் முனைவர் பட்டம் படிக்கலாமா?

வணக்கம். முதுகலை முடித்து ஆறு வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். இப்போது பொது மருத்துவரின் கிளினிக்கிலேயே உட்கார்ந்து, சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்து வருபவர்களைப் பார்க்கிறேன். மனச்சோர்வு எவ்வளவு கடுமை என்று அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தில் 27க்கு 18 வந்தவரிடம் பேச எனக்குக் கிடைப்பது 20 நிமிடம்தான். இந்த வேலையையே ஆழமாகப் படிக்க ஆசை.

அமெரிக்காவில் டிபிஎச் (டாக்டர் ஆஃப் பிஹேவியரல் ஹெல்த்) என்று ஒரு முனைவர் பட்டம் இருக்கிறது. உடலையும் மனதையும் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சைக்கென்றே வந்தது. ஆனால் அதை மட்டும் வைத்து உளவியலாளர் உரிமம் வாங்க முடியாது, அதுதான் உறுத்துகிறது. சைடி (PsyD, சிகிச்சை வேலைக்குத் தயார்படுத்தும் உளவியல் முனைவர் பட்டம்) படித்தால் உரிமத்துக்கு வழியுண்டு; அப்புறம் ஒரு வருட இன்டர்ன்ஷிப் வேறு, வேலையை விட வேண்டியிருக்கும். பிஎச்டி என்றால் ஆராய்ச்சி. புள்ளியியல் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும், அது தனிக் கதை.

டிபிஎச் முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பட்டத்துக்குப் பிறகு வேலையில் உண்மையிலேயே ஏதாவது மாறியதா, இல்லை பெயருக்கு முன்னால் டாக்டர் சேர்ந்ததோடு சரியா? வேலை பார்த்துக்கொண்டே இறுதித் திட்டப்பணியை எப்படி முடித்தீர்கள்? சைடி எடுத்தவர்களும் சொல்லுங்கள், வேலையை விட்டிருந்த அந்த நாட்களை எப்படிச் சமாளித்தீர்கள்?