வெளியிலிருந்து ஆள் வந்தபோது உங்கள் பள்ளிப் பிள்ளைகள் என்ன பேசினார்கள்?

போளூர் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியை

அரசுப் பள்ளிக்கு வெளியிலிருந்து ஆள் வருவது இப்போது புதிதில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம், பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள், இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர், அறிவியல் சோதனை செய்து காட்டும் வானவில் மன்றக் கருத்தாளர், முன்னாள் மாணவர்கள், கம்பெனிக்காரர்கள் என்று யாராவது ஒருவர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டேதான் இருக்கிறார்கள். வந்தவர் என்ன செய்தார் என்று பதிவு போட்டுவிடுகிறோம், போட்டோவும் ஏற்றிவிடுகிறோம். பிள்ளைகள் என்ன சொன்னார்கள், அது யார் காதில் விழுந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நல்லதோ கெட்டதோ, உங்கள் பள்ளியில் நடந்ததை எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அந்த வருடத் தலைப்பு வானிலையும் காலநிலையும். தெரியாதவர்களுக்கு: 1993-லிருந்து நடக்கிறது, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊரில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து, தாய்மொழியிலேயே கட்டுரை படிக்கலாம். தமிழ்நாட்டில் இதை அறிவியல் இயக்கத்துக்காரர்கள்தான் பல வருடம் ஒருங்கிணைத்தார்கள். எங்கள் பள்ளிக்கு வந்த தோழர், ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுப்பவர், உட்கார்ந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "தலைப்பை மட்டும் நீங்க எடுத்துக் குடுத்துடாதீங்க டீச்சர்." எனக்குச் சுருக்கென்றது. மழைநீர் சேகரிப்பு என்று மனதில் ஒன்று தயாராக வைத்திருந்தேன், பழைய சார்ட்கூட பீரோவில் இருந்தது.

அவர் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். நிஜமாகவே பேசாமல். அந்த அமைதி எனக்குத்தான் தாங்கவில்லை, இரண்டு தடவை வாயைத் திறக்கப் போய் அடக்கிக்கொண்டேன். கடைசியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மத்தியானம் எங்க கிளாஸ் மட்டும் ஏன் சார் இப்படி வேகுது?" என்றாள். மற்ற வகுப்புகள் ஓட்டுக் கட்டடம், அவர்களுடையது சிமெண்ட் ஷீட் கொட்டகை. பதில் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அளந்து பார்த்தவர்தான் யாரும் இல்லை.

அப்போது குழுவுக்கு ஐந்து பேர். தெர்மாமீட்டர் மூன்று அவருடைய கல்லூரி ஆய்வகத்திலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார் (ஒன்று இரண்டாம் வாரமே உடைந்தது, நான் காசு கட்டினேன், பரவாயில்லை). ஷீட்டுக்குக் கீழே ஒன்று, ஓட்டுக் கட்டடத்தில் ஒன்று, வேப்ப மரத்தடியில் ஒன்று. காலை 10, மதியம் 12.30, மாலை 3. ஏறக்குறைய ஒன்றரை மாதம். ஞாயிற்றுக்கிழமை கேட் ஏறிக் குதித்து அளந்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். பெரும்பாலான மதியங்களில் மரத்தடிக்கும் ஷீட்டுக்கும் நாலைந்து டிகிரி வித்தியாசம். கூடவே அவர்களாகவே இன்னொன்றையும் எழுதி வைத்திருந்தார்கள்: மதியத்துக்கு மேல் எத்தனை பேர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்கள், எத்தனை பேர் தூங்கினார்கள். தூங்கியவர்கள் பட்டியலில் ஒரு நாள் "டீச்சர்" என்றும் இருந்தது. அழிக்கச் சொல்லவில்லை.

மாவட்ட அளவில் நடுவர் ஒருவர், "இதனால என்னம்மா புதுசா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். "ஒரு மத்தியானம் வந்து உட்காருங்க சார், தெரியும்" என்றாள் அந்தப் பெண். மாநிலத்துக்குத் தேர்வாகவில்லை. அந்தப் பதிலால்தான் என்று சக ஆசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, வேறு குழுக்கள் நன்றாகவே செய்திருந்தன.

அப்புறம்தான் விஷயமே. ஜனவரி 26 கிராம சபைக்கு அந்தச் சார்ட்டை எடுத்துப் போகலாம் என்று அந்தத் தோழர்தான் சொன்னார். பஞ்சாயத்துத் தலைவர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "புதுக் கட்டடம் என் கையில இல்ல, கீத்து என் கையில இருக்கு" என்றார். அடுத்த மாதம் ஷீட்டின்மேல் சுண்ணாம்பு அடித்து, அதற்குமேல் தென்னங்கீற்று போட்டார்கள். பிள்ளைகள் மறுபடி தெர்மாமீட்டர் கேட்டார்கள், குறைந்ததா என்று பார்க்க. குறைந்திருந்தது, கொஞ்சம்தான். கான்கிரீட் கட்டடம் வர இன்னும் நாலு வருடம் ஆனது, அதற்குள் அந்த ஐந்து பேரும் பள்ளியை விட்டே போய்விட்டார்கள்.

திண்டுக்கல் மாவட்டம், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் (அம்மா)

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு என் கடுப்பையும் கொட்டிவிடலாம் என்று வந்தேன்.

2022-இல் குழுவை மாற்றி அமைத்தபோது நான் உள்ளே வந்தேன். அப்போது 20 பேரில் பெற்றோர்தான் பெரும்பான்மை, பாதிக்குமேல் பெண்கள். மாதத்தின் முதல் வெள்ளி கூட்டம் நடந்தது. முதல் சில கூட்டங்களில் பேசியதெல்லாம் ஒரு கம்பெனி ஸ்மார்ட் வகுப்பறை தரப்போகிறது என்பதைப் பற்றித்தான். எந்தச் சுவர், எத்தனை பிளக், திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது. பிள்ளைகள் வெளியே பை மாட்டிக்கொண்டு நாங்கள் முடிப்பதற்காக நின்றுகொண்டிருப்பார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010-இல் போட்ட மாதிரி விதிகளில், குழுவின் கால் பங்கு பெற்றோர் அல்லாத இடங்களில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளருக்கோ அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கோ தரலாம் என்று இருக்கிறது. பயிற்சியில் ஒருவர் போகிறபோக்கில் சொன்னது, நான் பிடித்துக்கொண்டேன். உறுப்பினர் எல்லாம் வேண்டாம், ஒரு பிள்ளை வந்து பத்து நிமிடம் பேசட்டும் என்றேன். தலைமையாசிரியர் நல்ல மனுஷி, சரி என்றார். வார்டு உறுப்பினர்தான் "சின்னப் புள்ளைக்கு என்னம்மா தெரியும்" என்று சிரித்தார்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை வந்தாள். நல்லா எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன், இல்லை. கையில் காகிதமே இல்லை. "பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி போனா ஒருத்தி கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அதனால ரெண்டு பேருக்கும் பீரியட் போகுது." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே ஹார்டுவேர் கடையில் இரண்டு தாழ்ப்பாள் வாங்கினோம், ஆணியோடு சேர்த்து இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. என் மகளும் அதே பள்ளிதான். மூன்று வருடமாக அவள் என்னிடம் சொல்லவில்லையே என்று அன்று ராத்திரி கேட்டேன். "நீ கேக்கல" என்றாள்.

கம்பெனி பற்றி ஒன்று. வருடம் ஒரு சனிக்கிழமை வந்து சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். மூன்றாவது வருடம், பிள்ளைகள் தாங்களே வரைந்து வைத்திருந்த ஊர்த் திருவிழாப் படத்தின் மேலேயே அடித்து, ஆப்பிள் மரம் வரைந்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் ஆப்பிள் மரம்! ஸ்மார்ட் வகுப்பறைத் திரை வந்தது, உபயோகமாகத்தான் இருக்கிறது, நன்றி கெட்டு எழுதவில்லை. கேட்டுவிட்டு அடித்திருக்கலாம்.

இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர், மரக்காணம் வட்டாரம்

2021 அக்டோபரில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியதே எங்கள் வட்டாரத்தில்தான், அதனால் எங்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு, சொல்லிக்கொள்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல், எங்கள் வீட்டுத் திண்ணை, அப்போது மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. கொரோனாவில் விட்டுப்போன எழுத்தைப் பிடிக்கத்தான் ஆரம்பித்தது.

கதை அட்டையை மூன்றாவது தடவை எடுத்ததும் ஒரு வாண்டு, "அக்கா இது போன வாரமே முடிஞ்சது" என்றான். சரி, நீ ஒண்ணு சொல்லு என்றேன். விடுகதை போட்டான், அவன் ஆயா சொன்னது. அடுத்த நாள் ஆளுக்கு இரண்டு கொண்டுவந்தார்கள். கடல், வலை, கருவாடு, மரக்காணத்து உப்பளம் என்று எல்லாமே எங்கள் பக்கத்து விடுகதை, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது. பள்ளியில் வாயே திறக்காத பையன்தான் அதிகம் சொன்னான். அவன் டீச்சரை ஒரு நாள் திண்ணைக்குக் கூட்டி வந்தேன், ஓரமாக நின்று கேட்டுவிட்டு, "இவனா?" என்றார். பள்ளிக்கல்வித் துறை நடத்தும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களுக்கு அனுப்பலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார். அனுப்பினோம், வரவில்லை. அதற்காக நாங்கள் நிறுத்தவில்லை, 60 பக்க நோட்டு நிரம்பி இரண்டாவது நோட்டு ஓடுகிறது.

இப்போது கல்லூரியில் இருக்கிறேன் (அரசு மேல்நிலைப் பள்ளி, டெல்டா)

சின்னதாக ஒன்று. பிள்ளைகள் குறையை எழுதிப் போடும் மாணவர் மனசு பெட்டி எங்கள் பள்ளியிலும் வைத்தார்கள், பக்கத்திலேயே 14417, 1098 என்று உதவி எண்களும் பெரிதாக எழுதியிருந்தார்கள். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சீட்டு எழுதிப் போட்டோம், விளையாட்டுப் பீரியடை மேத்ஸுக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று. அடுத்த வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் "இந்தக் கையெழுத்து யாருது?" என்று தூக்கிக் காட்டினார்கள். அதோடு சரி, அந்த வருடம் முழுக்க பெட்டி காலி. தலைமையாசிரியர் மாறி வந்த பிறகு புதியவர், சாவியை ஒரு மிஸ்ஸிடமும் ஒரு பெற்றோரிடமும் கொடுத்து, இரண்டு பேரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும் என்று வைத்தார். அதற்கப்புறம் சீட்டு விழ ஆரம்பித்தது. பெட்டி அதேதான்.

செய்யாறு பக்கம், உடற்கல்வி ஆசிரியர்

2022-23-இல் அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழாப் போட்டி வந்தபோது எங்கள் பள்ளியில் கலை ஆசிரியர் கிடையாது. ஊரில் பறையடிக்கும் ஜமா (குழு) இருக்கிறது, பெரியவரைப் போய்க் கேட்டேன். "பள்ளிக்கூடத்துக்குள்ளயா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் படித்த காலத்தில் அவரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பது அவருக்குத்தானே தெரியும். சாவுக்கு அடிக்கிறதைப் பிள்ளைகளுக்கு எதுக்குச் சொல்லித் தருகிறீர்கள் என்று எனக்கு நாலைந்து போன் வந்தது. ஒரு வீட்டில் பெண்ணை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து குச்சியைக் கேட்டாள், வீட்டில் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

வட்டார அளவில் இரண்டாம் இடம், அதற்குமேல் போகவில்லை. பெரியவருக்கு நான் கொடுத்த பணத்தை வாங்க மறுத்துவிட்டார், வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தோம். ஆண்டு விழாவில் அவரை மேடைக்குக் கூப்பிட வேண்டும் என்று முதலில் சொன்னது பிள்ளைகள்தான். நான் கூட்டத்துக்குள் நாற்காலி போடுவதோடு நிறுத்தியிருப்பேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஓசூர்

எல்லை தாண்டி ஒரு விஷயம். வேலை விஷயமாகக் கர்நாடகப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனபோது பஞ்சாயத்து வாசலில் ஒரே பள்ளிச் சீருடை. மக்கள கிராம சபை என்றார்கள். அங்கே பல வருடமாக நடக்கிறது. கன்னடத்தில் மக்களு என்றால் பிள்ளைகள். நாமும் மக்கட்பேறு என்கிறோமே, அதே மக்கள்தான். நமக்கு அந்தச் சொல் பெரியவர்களுக்குப் போய்விட்டது.

ஒரு பையன் மைக்கைப் பிடித்து, போன வருடம் கேட்ட தெருவிளக்கு என்னாச்சு என்றான். அதிகாரி ஒரு நோட்டைப் புரட்டி, இது முடிந்தது, இது இல்லை, காரணம் இது என்று வரிசையாகப் படித்தார். பாதிக்குமேல் "இல்லை"தான். ஆனால் படித்தார். நம் பக்கம் பிள்ளைகளைக் கூப்பிட்டால் முதலில் கோலாட்டம் ஆடச் சொல்வார்கள்.

போளூர் பக்கத்து ஆசிரியை

எல்லோருடையதையும் படித்தேன். திண்டுக்கல் அம்மா, தாழ்ப்பாள் விஷயத்தைப் படித்துவிட்டு மறுநாள் காலை முதல் வேலையாக எங்கள் பள்ளிக் கழிப்பறைக் கதவைப் போய்ப் பார்த்தேன். ஒன்று கழன்றுதான் தொங்கியது.

தெர்மாமீட்டர் எங்கே கிடைக்கும் என்று தனியாகக் கேட்டிருந்தவருக்கு: பக்கத்துக் கலைக்கல்லூரியின் துறைத் தலைவருக்குப் பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு கடிதம் போதும், திருப்பித் தரும் தேதியை எழுதிவிடுங்கள். அதைவிட முக்கியம், வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முதல் அரை மணி நேரம் அவர் பேசக்கூடாது என்று. பாதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்காதவரை விடாதீர்கள்.

இந்த வருடம் எங்கள் எட்டாம் வகுப்பு எடுத்திருப்பது பேருந்து. சாயங்காலம் 4.40 வண்டி எங்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லை என்பது அவர்கள் புகார், நிற்கத்தான் செய்கிறது என்பது நடத்துநர்கள் பதில். மூன்று வாரமாக நோட்டில் எழுதுகிறார்கள்: வந்த நேரம், நின்றதா, தள்ளிப் போய் நின்றதா, எத்தனை பேர் ஏற முடியவில்லை. இதுவரை 17 நாளில் 11 நாள் நிற்கவில்லை. கடிதம் அவர்களே எழுதியாயிற்று, பிழை திருத்த மட்டும் என்னிடம் கொடுத்தார்கள். பணிமனைக்கு அவர்களையே நேரில் கூட்டிப்போக நினைக்கிறேன். கிளை மேலாளரிடம் பேசிப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எந்தக் கிழமை போனால் ஆள் இருப்பார் என்று தெரிந்தால் போதும்.