புதுப்பிப்பு: மெல்பர்னில் பால்புதுமையினருக்கான ஃபார்மல் விருந்து

பள்ளி இறுதியாண்டில் மாணவர்கள் அலங்கார உடையில் துணையோடு சென்று ஆடிக் களிக்கும் ஃபார்மல் விருந்துக்குத் தாம் விரும்பிய துணையோடு போக முடியாமற்போன பால்புதுமையினருக்காக (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலியோர்), வளர்ந்த வயதில் அதே போன்றதொரு மாலையை மெல்பர்னில் ஏற்பாடு செய்கிறோம் என்று முன்பு எழுதி, ஆலோசனை கேட்டிருந்தேன். விருந்து சென்ற சனிக்கிழமை இனிதே நடந்தேறியது.

பால்புதுமை இளையோருக்கு மைனஸ்18 என்ற ஆஸ்திரேலிய அமைப்பு இத்தகைய விருந்துகளை நடத்தியிருக்கிறது. வந்தவர்களில் பலரோ, ஆஸ்திரேலியாவின் 1984ஆம் ஆண்டுக் கூட்டாட்சிப் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் பாலீர்ப்பும் பாலின அடையாளமும் 2013இல் சேர்க்கப்படுவதற்கு முன்பே பள்ளியை முடித்தவர்கள்.

உங்கள் யோசனைகளுள் மிகவும் கைகொடுத்தது, புகைப்படம் வேண்டாதவர்களுக்கு மஞ்சள் கைப்பட்டை கொடுத்ததுதான். தம் அடையாளத்தை வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள்கூட, அவர்களுள் நம் தமிழர் சிலரும், கேமராவுக்கு ஒதுங்காமல் ஆடினார்கள். இத்தகைய விருந்துகளில் வழக்கமான ராஜா, ராணி தேர்வை அறவே விட்டுவிட்டோம், அது சரியான முடிவு என்றே இப்போதும் கருதுகிறேன். ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணி, தன் துணைவியின் மணிக்கட்டில் கோர்சாஜ் பூவைக் கட்டும்போது கை நடுங்கி முடிச்சு விழாமல் நெடுநேரம் நின்றார். பின்னால் வரிசையில் இருந்த ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

இரைச்சலிலிருந்து ஒதுங்கியிருக்க வைத்த அமைதி அறையும் அவரவர் வசதிக்கேற்ற கட்டணமும் அடுத்த ஆண்டும் தொடரும். சாய்தளமும் பாலினப் பிரிவில்லாத கழிப்பறையும் உள்ள அரங்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.