நானோ செல்லுலோஸ் கலந்த பை: தொழிலுக்கு உதவுமா?

பாலிமர் பித்தன்:
வாழைநாரோ கரும்புச் சக்கையோ, வெளுத்துச் சுத்தம் செய்து கந்தக அமிலத்தில் போட்டால் சில நானோமீட்டர் தடிமனில் செல்லுலோஸ் படிகங்கள் கிடைக்கும். அந்தப் படிகத்தின் விறைப்பு 100 ஜிகாபாஸ்கலுக்கு மேல். பை ஊதும் பாலித்தீனுக்கு 1 கூடத் தேறாது. பாலித்தீனில் இந்தப் படிகத்தைக் கொஞ்சம் கலந்து பிலிமைக் கனம் குறைவாக ஓட்டலாமே, ஏன் யாரும் தொடுவதில்லை?

பிலிம்காரன்:
தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் தம்பி. காய்ந்த படிகப் பொடியை ஹாப்பரில் (மெஷினின் தீனி வாயில்) கொட்டினால் பாலித்தீனோடு சேராது, தன்னோடு தானே ஒட்டிக் கட்டி தட்டும். பிலிமில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி. உருகிய பிளாஸ்டிக்கைக் குமிழாக (பபிள்) ஊதும்போது சொல்லிவைத்த மாதிரி அந்த இடத்தில்தான் கிழியும். கட்டி தட்டிய பிறகு அது நானோவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்புறம், கனம் குறைத்து என்ன செய்ய? கேரி பேக் 120 மைக்ரானுக்குக் கீழே கூடாது என்று 2022 டிசம்பர் 31 முதல் விதியே இருக்கிறது.

பாலிமர் பித்தன்:
மக்கும் பைக்கு அந்த விதி இல்லை அண்ணா. பாலித்தீனை விடுங்கள், பிபிஏடி–பிஎல்ஏ கலவைக்கு வாருங்கள், இரண்டும் மக்கும் பிளாஸ்டிக். பிபிஏடி தொளதொளவென்று இருக்கும், விறைப்பு கொடுக்க ஏதாவது போட்டே ஆக வேண்டும்.

சிப்ஸ் கடை:
குறுக்கே வருகிறேன். எண்ணெய்ப் பண்டம் சிக்குப் பிடிக்காமல் இருக்க ஆக்சிஜனை இது தடுக்குமா?

பாலிமர் பித்தன்:
உலர்ந்திருக்கும்வரை பிரமாதமாகத் தடுக்கும், ஈரக்காற்றில் அந்தக் குணம் போய்விடும். ஆக்சிஜனைத் தடுக்கப் போடும் இவிஓஎச் பிளாஸ்டிக்குக்கும் இதே சீக்குதான். அதைப் பல அடுக்கு பிலிமில் ஈரம் படாமல் நடு அடுக்கில் ஒளித்து வைக்கவில்லையா?

பிலிம்காரன்:
விறைப்புதான் வேண்டுமென்றால் கால்சியம் கார்பனேட் ஃபில்லர் (நிரப்புப் பொடி) இருக்கிறது, விலையும் மலிவு.

பாலிமர் பித்தன்:
கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி 2.7, செல்லுலோஸ் 1.5 பக்கம். கார்பனேட்டைப் போட்டால் கிலோவுக்குப் பை குறையும்.

பிலிம்காரன்:
நான் கிலோ கணக்கில்தானே விற்கிறேன்! சரி, விளையாட்டு போகட்டும். பிஎல்ஏ, பிபிஏடி இரண்டையும் ஈரத்தோடு உருக்கினால் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து பிலிம் நொய்ந்துவிடும். உன் செல்லுலோஸைக் காயவைத்தால் கட்டி, காயவைக்காவிட்டால் இந்தக் கதி. இதற்கு வழி சொல், மற்றதைப் பிறகு பேசலாம்.

பாலிமர் பித்தன்:
ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் (இரட்டைத் திருகால் உருக்கிக் கலக்கும் மெஷின்) செல்லுலோஸை ஈரக் குழம்பாகவே செலுத்தி, நீராவியை வென்ட் (காற்றுத் துளை) வழியாக இழுத்துவிடுகிறார்கள். சங்கிலி கொஞ்சம் அறுபடத்தான் செய்யும், ஆனால் அது மாஸ்டர்பேட்சில், அதாவது செல்லுலோஸ் செறிவாகக் கலந்த குருணையில் மட்டும். நீங்கள் அந்தக் குருணையை உலர்த்தி உங்கள் பிளாஸ்டிக்கில் கலந்தால் போதும்.

பிலிம்காரன்:
அப்படியென்றால் பொடியைப் பற்றிப் பேசாதே, குருணையாக ஒரு மூட்டை அனுப்பு. விலையை முதலில் சொல்லிவிடு.